ஏழாம் கட்டிலின் பத்து அவுன்ஸ்

ஆண்கள் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தாதிப் பிள்ளைகளுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் இதயத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள், ஈரலைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளையின் உடம்பில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உறுப்பு அவருடைய கௌரவம். அது எங்கே இருக்கிறது என்று எந்தப் படத்திலும் போட்டிருக்காது. ஆனால் நீங்கள் கை வைக்கப் போகிற இடத்துக்கெல்லாம் அது உங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

நீரடைப்பு வந்தவர்களிடம் இதை நன்றாகப் பார்க்கலாம். மூத்திரப்பையின் வாசலில் ஆண்களுக்குப் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதல்லவா, வயதாக ஆக அது பருத்து வழியை நெருக்குகிறது. நோய் அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்துப் பினாங்கில் நீரடைப்பு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறிய ஒரு மனிதரையும் நான் பார்த்ததில்லை. வயிற்றுவலி என்று வருவார்கள். இடுப்புப் பிடிப்பு என்று வருவார்கள். ஒருவர் பல்வலி என்றே வந்து, பல் பிடுங்கும் அறை வாசலில் அரை மணி நேரம் கால் மாற்றி மாற்றி நின்றுவிட்டுத்தான் உண்மையைச் சொன்னார்.

நான் அப்போது, முப்பதுகளின் தொடக்கத்தில், ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் இளம் தாதி; நோயாளிகள் எங்களை மிஸி என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளாக்கர், அதாவது குமாஸ்தா, ஒருவரின் பெண். நான் நர்ஸ் வேலைக்குப் போனதை என் வீட்டார் உறவினர்களில் பாதிப் பேருக்குச் சொல்லவில்லை. ஆண்கள் வார்டில் போட்டிருக்கிறார்கள் என்பதை மீதிப் பேருக்கும் சொல்லவில்லை. நோயாளிக்கு ரப்பர் குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பது டிரெஸ்ஸர் என்று அழைக்கப்பட்ட ஆண் உதவியாளரின் வேலை. பெண்கள் அதைத் தொடக் கூடாது. கழுவுவது, துடைப்பது, அளப்பது, எழுதுவது, கவனித்துப் பார்ப்பது எல்லாம் எங்கள் வேலை. கவனித்துப் பார்ப்பதை மட்டும் நான் ஒருமுறை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏழாம் கட்டிலுக்கு வந்தவர் ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர். ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் மற்றவர்களின் எழுத்தில் பிழை பிடித்தவர். என் அப்பா அவருக்குக் கீழே பன்னிரண்டு வருடம் வேலை செய்தார். எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொன்னால் அப்பா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். ஓய்வுக்குப் பிறகு பெரிய கிளாக்கர் எங்கள் ஆட்களின் சங்கம் ஒன்றுக்குத் தலைவராகி, வருடாவருடம் அந்த நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

அந்த நாற்காலிதான் அவரைப் படுக்கையில் போட்டது. நம் சங்கக் கூட்டங்கள் உங்களுக்குத் தெரியாததா? வரவேற்புரை, அறிக்கை, அறிக்கையின் மேல் விவாதம், விவாதத்தின் மேல் விவாதம், கடைசியில் நன்றியுரை சொல்ல மூன்று பேர். தலைவர் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் நன்றியுரை முடியும்வரை எழும்பக் கூடாது. இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். எழும்பினால் கூட்டம் கலைந்துவிட்டது என்று பொருள் என்பார் ஒருவர், பதவியை விட்டுவிட்டார் என்று பொருள் என்பார் இன்னொருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கிளாக்கர் நாலரை மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது நன்றியுரைக்காரர் நாற்காலிகள் தந்து உதவிய கடைக்காரருக்கு நன்றி சொல்லி முடித்த பிறகு எழுந்து போனார். அதற்குள் வழி அடைத்துக்கொண்டுவிட்டது. வயிற்றுவலி என்று சொல்லிக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

டிரெஸ்ஸர் குழாய் வைத்து வடித்தார். அந்தக் குழாயை நாலு நாள் அப்படியே விட்டுவைத்தார்கள். பெரிய டாக்டர், வெள்ளைக்காரர், வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: சுரப்பியை எடுக்க வேண்டும், இரண்டு கட்டமாக அறுவை, வாரக்கணக்கில் படுக்கை. பெரிய கிளாக்கர் ஒத்துக்கொள்ளவே இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், தேர்தல். அந்த முறை எதிர்த்து நிற்க ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர், துணிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இன்ன நோய்க்குப் படுத்திருக்கிறார் என்று வெளியே தெரிந்தால் நாற்காலி போய்விடும்.

டாக்டர் ஒரு பேரம் பேசினார். வியாழக்கிழமை குழாயை எடுத்துவிடுவது. இரண்டு நாள் தானாகச் சிறுநீர் கழித்து, அளவு சரியாக இருந்தால் சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் அறுவை. அளவெல்லாம் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் எழுத வேண்டும். எழுத வேண்டியவள் நான்.

வியாழன் காலை அட்டையோடு போய் நின்றேன். அப்பாவின் மேலதிகாரியிடம் என்னவென்று கேட்பது? எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் வாய் வரவில்லை. பிறகு அவர்தான் கையை நீட்டினார்.

"உந்த அட்டையை இஞ்ச தாரும் பிள்ளை. நான் அளந்து எழுதிவிடுறன். உமக்கேன் கரைச்சல்?"

கொடுத்துவிட்டேன். பென்சிலையும் சேர்த்துக் கொடுத்தேன். அப்போது எனக்கு வந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் முகம் சுடுகிறது. கட்டிலடிப் போத்தலில் நீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அவர் எழுதியதற்குக் கீழே நான் மாலையில் என் சின்னக் கையெழுத்தைப் போட்டேன். அச்சடித்தது போன்ற எழுத்து. வெள்ளிக்கிழமை டாக்டர் அந்த அட்டையைக் கையில் எடுத்து, இந்த ஆஸ்பத்திரியிலேயே ஒழுங்காக எழுதப்பட்ட அட்டை இதுதான் என்றார். தலைமைத் தாதியான மேட்ரன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் வெட்கமில்லாமல் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

எட்டாம் கட்டிலில் ஒரு ராவுத்தர் இருந்தார். சூலியா வீதியில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். அதே நோய். அறுவை முடிந்து ஐந்து வாரம் ஆகி, புண் ஆறி, வீட்டுக்குப் போகும் நாளுக்குக் காத்திருந்தார். கடையிலிருந்து தேநீர் வாளி வாளியாக வந்துகொண்டிருக்கும். குடிப்பார், கழிப்பார், வார்டு முழுக்கக் கேட்கும்படி இறைவனைப் புகழ்வார். எங்கள் வார்டில் வெட்கம் இல்லாத ஒரே ஆண்பிள்ளை அவர்தான். அவருடைய அளவை நானே அளந்து எழுதினேன்.

அந்த அளவுதான் வியாழன் காலையிலிருந்தே குறைய ஆரம்பித்தது. பன்னிரண்டு, பதின்மூன்று அவுன்ஸ் என்று வந்துகொண்டிருந்தது இரண்டு, மூன்று என்று இறங்கிவிட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அறுத்த இடம் சுருங்கி மறுபடி அடைக்கிறதோ? ராவுத்தரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இன்னும் தேநீர் குடியுங்கள் என்றேன். சந்தோஷமாகக் குடித்தார். அளவு ஏறவில்லை.

ஏழாம் கட்டிலையோ நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. அங்கேதான் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே! வெள்ளி பகல் இரண்டு முறை அவருடைய படுக்கைவிரிப்பு நனைந்திருந்தது. தண்ணீர்க் கூஜா சரிந்துவிட்டது என்றார். விரிப்பை மாற்றிவிட்டு, கூஜாவைத் தள்ளி வைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான். சாப்பாடு வேண்டாம் என்றார். கூட்டத்து யோசனை என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையிலிருந்து விடாமல் விக்கல் எடுத்தது. யாரோ நினைக்கிறார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். சங்கத்தார் எல்லாரும் சேர்ந்து நினைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நானும் சொன்னேன்.

சனிக்கிழமை டாக்டர் சுற்றிப் பார்க்க வந்தபோது பெரிய கிளாக்கர் கோட்டும் தலைப்பாகையுமாக, மடியில் சங்கத்தின் ஆண்டறிக்கைக் கட்டை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரை அழைத்துப்போகச் சங்கத்தார் இரண்டு பேர் மாலையோடு வராந்தாவில் நின்றார்கள். அப்படி உடுத்தி உட்கார்ந்திருக்கும் மனிதரின் வயிற்றைத் திறந்து காட்டச் சொல்ல டாக்டருக்கும் மனம் வரவில்லை. அட்டையைப் பார்த்தார், போகலாம் என்றார். எட்டாம் கட்டிலுக்கு வந்தார். என் எழுத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இவருக்கு உள்ளே கம்பி விட்டுப் பார்க்க வேண்டும், தயார் செய்யுங்கள், அரை மணியில் வருகிறேன் என்று அறுவை அறைக்குப் போய்விட்டார்.

டிரெஸ்ஸர் இரும்புக் கம்பிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு ராவுத்தரின் முகத்தில் இருந்த தேநீரெல்லாம் வற்றிவிட்டது. நான் திரையை இழுத்துவிட்டு, முதல் தடவையாக அவர் அடிவயிற்றில் கை வைத்தேன். மெத்தென்று இருந்தது. உள்ளே ஒன்றும் தேங்கவில்லை.

"மிஸி, சத்தியமா நமக்கு ஒண்ணும் இல்ல லா. நல்லாத்தான் போவுது."

"நல்லாப் போனால் போத்தலிலே ஏன் இல்லை? எங்கே போகுது?"

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு, "கேக்காதீங்க மிஸி. ஒரு பெரிய மனுசனுக்கு வாக்கு குடுத்துட்டேன்," என்றார். இவ்வளவையும் சொன்ன அவருடைய கண் திரைக்கு அப்பால் ஏழாம் கட்டில் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. திரைக்கு வெளியே வந்து ஏழாம் கட்டிலின் அட்டையை எடுத்துப் படித்தேன். இரண்டு நாளாக நான் அதைப் படிக்கவே இல்லை, அழகைத்தான் பார்த்திருக்கிறேன். காலை பத்து மணி, பத்து அவுன்ஸ். இரண்டு மணி, பத்து அவுன்ஸ். ஆறு மணி, பத்து அவுன்ஸ். மேலிருந்து கீழ்வரை எட்டுப் பத்து. ராவுத்தரின் போத்தலில் ஒவ்வொரு தடவையும் குறைந்ததும் அதே பத்துத்தான். அட்டையிலிருந்து கண்ணை எடுத்து மனிதரைப் பார்த்தேன். வறண்டு பழுப்பேறிய நாக்கு. பாதி மூடிய கண். விக்கல். கோட்டின் மேல் பொத்தான்கள் பூட்டியிருந்தன, கீழ்ப் பொத்தான் இரண்டும் பூட்ட முடியாமல் விட்டிருந்தன. ஆண்டறிக்கைக் கட்டு வயிற்றை மறைத்துக்கொண்டிருந்தது. நனைந்த விரிப்பு கூஜாத் தண்ணீர் இல்லை. பை நிரம்பி, தாங்க முடியாமல் வழிந்த நீர் அது. விஷம் இரத்தத்தில் ஏறத் தொடங்கிவிட்டது. இந்த நிலையில் மாலை போட்டுக்கொண்டு போனால், நாற்காலியில் உட்காருவதற்கு முன்போ உட்கார்ந்த பிறகோ அவர் செத்துப்போவார். அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடலாம். ஆனால் வராந்தாவில் சங்கத்தார் நிற்கிறார்கள். அவர்கள் காதில் ஒரு சொல் விழுந்தால், இந்த மனிதர் மானம் போனதென்று அப்படியே ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விடுவார். கையைக் காலைக் கட்டி நிறுத்த எனக்கு உரிமை இல்லை. அவர் தானாகச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு இருந்தது சில நிமிடம்.

திரையை ஏழாம் கட்டிலைச் சுற்றி இழுத்தேன்.

"என்ன பிள்ளை, நான் வெளிக்கிட்டிட்டன்."

"ஐயா, ஒருக்கா வயித்தைப் பாக்கவேணும்."

"விசர்க் கதை கதையாதையும். உம்மட தகப்பன் எனக்குக் கீழ இருந்தவர். நீர் என்ர வயித்தில கை வைக்கிறதோ?"

அப்பாவின் பெயரை எடுத்ததும் எனக்கு ஒரு வழி தெரிந்தது. மேலதிகாரியிடம் அப்பா என்ன செய்வார்? பிழை பிடித்த தாளைக் கொண்டுபோய் முன்னால் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பார். நான் அட்டையை ஆண்டறிக்கையின் மேல் வைத்தேன். பக்கத்தில் பென்சிலை வைத்தேன்.

"ஐயா, இதிலே ஒரு பிழை இருக்கு. கீழே கையெழுத்து என்ர. பிழைக்குப் பொறுப்பும் நான்தான். நீங்கள்தான் திருத்தித் தரவேணும்."

அவர் விக்கினார். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பத்து, பத்து, பத்து. மனுசருக்கு அப்பிடிச் சலம் போகாது ஐயா."

முப்பது வருடம் பிழை பிடித்த கண்ணால் தன் எழுத்தைத் தானே பார்த்தார். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. "இடையில ஒரு ஒன்பதரை போட்டிருக்கலாம்," என்றார்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராவுத்தர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, இங்க ஒங்க போத்தலுக்கு நான் இருந்தேன். நீங்க வூட்டுக்குப் போயிட்டா, அப்புறம் யாரு ஒங்களுக்கு ஊத்துவா?"

பெரிய கிளாக்கர் பென்சிலை எடுத்தார். ரப்பர் கேட்கவில்லை. எழுதியதை அழிப்பது அலுவலகத்தில் குற்றம். பிழையை ஒரே கோட்டால் வெட்டி, வெட்டியவர் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். அப்படியே செய்தார். எட்டுப் பத்துக்கும் எட்டுக் கோடு, எட்டு முதலெழுத்து. கடைசியில், வாழ்நாளில் அதுவரை எழுதியிராத ஒன்றைக் கீழே எழுதினார்: அளவு தெரியவில்லை.

"மறைப்பை நல்லா இழுத்து விடும் பிள்ளை," என்றார். பிறகு ஆண்டறிக்கையை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதன் கீழே வயிறு தொப்புள்வரை கல்லாக நின்றது.

அடுத்த கட்டிலுக்கென்று வந்த டிரெஸ்ஸரை இந்தக் கட்டிலுக்குத் திருப்பினேன். இரும்புக் கம்பிகளை வைத்துவிட்டு ரப்பர் குழாய் எடுத்து வந்தார். அந்தக் காலத்து முறைப்படி ஒரேயடியாக விடாமல், நிறுத்தி நிறுத்தி வடித்தார். நான் அளந்தேன், என் கையால் எழுதினேன். நாற்பது அவுன்ஸுக்கு மேல் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று ஒருமுறை மட்டும் சொன்னார். நான் சொல்லவில்லை.

வராந்தாவுக்குப் போய், டாக்டர் உத்தரவு, இன்றைக்கு அனுப்ப முடியாது என்றேன். காரணம் கேட்டார்கள். டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். வெள்ளைக்காரரிடம் கேள்வி கேட்க அவர்கள் இருவரில் ஒருவருக்கும் ஆசை இல்லை. மாலையை வீணாக்குவானேன் என்று எடுத்துக்கொண்டே போனார்கள். மறுநாள் அது தலைமையாசிரியர் கழுத்தில் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன்.

மேட்ரனிடம் நானே போய், அட்டையை நோயாளி கையில் கொடுத்ததைச் சொன்னேன். ஒரு மாதம் துணி அறையில் விரிப்பு எண்ண அனுப்பினார். டாக்டரும் வயிற்றில் கை வைக்கவில்லையே என்று சொல்ல அந்தக் காலத்தில் எங்களுக்கு வாய் கிடையாது. உங்களுக்கு இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஆனால் முதலில் உங்கள் கையைப் பயன்படுத்துங்கள். நனைந்த விரிப்பைப் பார்த்தால், நன்றாகப் போகிறது என்று நினைக்காதீர்கள், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடேயே கேளுங்கள். கூச்சத்தோடு கேட்டு யாரும் சாகவில்லை. கேட்காமல் விட்டதால் ஒருவர் என் கண் முன்னால் சாகப் போனார்.

பெரிய கிளாக்கர் இரண்டு அறுவையையும் தாங்கி, இரண்டரை மாதத்தில் நடந்தே வீட்டுக்குப் போனார். நாற்காலி போனதுதான்.

அடுத்த வருடம், ஆண்டுக் கூட்டம் முடிந்த அன்றைக்கே, புதிய தலைவரை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். என்னவென்று கேட்டேன். தலைமையாசிரியர் கூரையைப் பார்த்துக்கொண்டு, வயிற்றுவலி என்றார். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் பெரிய கிளாக்கர் வந்தார். எதிரியின் நிலையைப் பார்த்து மகிழ வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"மாஸ்டர், வயித்துவலியும் இல்லை, ஒண்டும் இல்லை. நீரடைப்பு. எனக்கும் இதேதான். இந்தப் பிள்ளை கேக்கிறதுக்கெல்லாம் உண்மையைச் சொல்லும். அட்டையை மட்டும் கையால தொட்டிராதையும்."

பதினெட்டுக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது. நான் துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு, மருந்து அலமாரிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தலைமையாசிரியரும் குணமானார். அடுத்த பொதுக்கூட்டத்தில் பெரிய கிளாக்கர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: கூட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் தேநீருக்காகப் பதினைந்து நிமிட இடைவேளை விட வேண்டும், தலைவருக்கும் அது பொருந்தும். தலைவர் நாற்காலியிலிருந்து தலைமையாசிரியரே வழிமொழிந்தார். தேநீர் ராவுத்தர் கடையிலிருந்து வந்தது. எதிர்ப்பவர்கள் யாராவது உண்டா என்று கேட்டபோது, எல்லாரும் அதற்குள் தேநீருக்கு எழும்பிவிட்டதால், எதிர்த்துப் பேச ஒரு நாற்காலியிலும் ஆள் இருக்கவில்லையாம்.